பைத்தான் 3.11: எனம் சரமாக மாறும் விதம், நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு

பைத்தான் நிரல்மொழியின் 3.11 பதிப்பு வெளிவந்தது 2022 அக்டோபர் 24 அன்று. வேகம் கூடியதைப் பற்றித்தான் எங்கும் பேச்சு. வேகம் உண்மையிலேயே கூடியிருந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் பில்லிங் மென்பொருளை 3.10-இலிருந்து 3.11-க்கு மாற்றினோம், பிறகு 3.12-க்கும் வந்துவிட்டோம். இவ்வளவு காலத்தில் என்னைப் படுத்தி எடுத்த மாற்றம் ஒன்றே ஒன்றுதான்: எனம் ஆப்ஜெக்ட் (பெயர் சூட்டிய நிலையான மதிப்புகளில் ஒன்று) சரமாக, அதாவது எழுத்துத் தொடராக, மாறும் விதம்.

எனம் 2014-இல், 3.4 பதிப்போடு வந்தது. அதன் மதிப்பைச் சரமாகவும் கையாள வேண்டியிருந்தால், சர வகையையும் எனத்தையும் சேர்த்துத் தாய் கிளாஸ்களாக வைத்து எழுதுவது வழக்கம். 'நிலை' என்று ஒரு கிளாஸ், அதில் 'நிலுவை' என்று ஓர் உறுப்பு, அதன் மதிப்பு 'பெண்டிங்' என்று வைத்துக்கொள்ளுங்கள். 3.10 வரை இதை எஃப்-சரத்துக்குள் (நடுவில் மதிப்புகளைச் செருகி எழுதும் சரம்) போட்டால் 'பெண்டிங்' என்று வரும். சதவீதக் குறி போடும் பழைய முறையில் எழுதினால் 'நிலை.நிலுவை' என்று வரும். இந்த முரண்பாட்டை யாரும் விரும்பிப் பயன்படுத்தவில்லை. ஆனால் எஃப்-சரம் தரும் விடை வசதியாக இருந்ததால் எல்லோரும் அதன்மேல் வீடு கட்டிவிட்டோம்.

3.11 இரண்டையும் ஒன்றாக்கியது. இப்போது எஃப்-சரமும் 'நிலை.நிலுவை' என்றே தருகிறது. முழு எண்ணைக் கலந்த இன்ட்எனம் வகைக்கு நடந்தது நேர்மாறு: அங்கே இரண்டுமே வெறும் மதிப்பைத் தருகின்றன. இணைய சர்வர் தரும் பதிலின் நிலையைச் சொல்லும் ஹெச்டிடிபி ஸ்டேட்டஸ் குறியீடுகள் இந்த வகை என்பதால், பழைய லாக் (நிகழ்வுப் பதிவு) வரிகளில் பெயராகப் பதிவான இடத்தில் 200 என்று எண் வரத் தொடங்கியது. ஒரே ஒழுங்குக்காகச் செய்த மாற்றம், ஒரு பக்கம் பெயரைக் கொண்டுவந்து, மறுபக்கம் பெயரை எடுத்துவிட்டது. லாக்கைத் தேடிப் படிக்கும் ஸ்கிரிப்ட் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், இது எவ்வளவு எரிச்சல் என்று.

கொள்கையளவில் மாற்றம் சரி என்றே இன்றும் நினைக்கிறேன். என் புகார், அது வந்த விதத்தின் மேல். நிரல் நிற்கவில்லை, எச்சரிக்கையும் இல்லை. சோதனைகள் எல்லாம் பச்சை. ஏனென்றால் அந்த உறுப்பை 'பெண்டிங்' என்ற சரத்தோடு ஒப்பிட்டால் இன்றும் சமம்தான். ஜேசான் என்ற தரவு வடிவத்துக்கு மாற்றினாலும், கூட்டல் குறி போட்டு இன்னொரு சரத்தோடு ஒட்டினாலும் பழைய விடையே வருகிறது. எஃப்-சரமும், அதே வேலையைச் செய்யும் ஃபார்மட் செயற்கூறும் மட்டும்தான் மாறின. கேஷ் (விரைவாக எடுக்கத் தற்காலிகமாகச் சேமித்து வைக்கும் இடம்) சாவி, கோப்புப் பெயர், இணைய முகவரி ஆகியவற்றை நாங்கள் உருவாக்கியதோ அந்த இரண்டையும் வைத்துத்தான்.

கேஷ்தான் பெரிய தலைவலி. சர்வர்களை ஒவ்வொன்றாகப் புதிய பதிப்புக்கு மாற்றும்போது, பாதி 3.10-இலும் பாதி 3.11-இலும் ஓடும் ஒரு இடைவேளை இருக்கும். பழைய சர்வர் 'பெண்டிங்' என்று முடியும் சாவியில் எழுதுகிறது, புதியது 'நிலை.நிலுவை' என்று முடியும் சாவியைத் தேடுகிறது. ஒரு பக்கம் பில்லை ரத்து செய்து கேஷை அழித்தாலும், மறுபக்கம் பழைய பில் அப்படியே தெரியும். எங்குமே பிழைச் செய்தி கிடையாது.

இதற்கு முந்தைய பதிப்பிலேயே இதே மொழி இதைவிட நன்றாகச் செய்திருந்தது. முழு எண் கேட்கும் உள்ளமைச் செயற்கூறுகளுக்கு டெசிமல் (தசம எண்) ஆப்ஜெக்டைக் கொடுத்தால், 3.8-இல் எச்சரித்தது, 3.10-இல் டைப்எரர் (வகைப் பிழை) என்று முகத்தில் அடித்தாற்போல் நிறுத்தியது. அந்த மாற்றத்தால் உடைந்த வரிகளைச் சரிசெய்வது சுலபம். எந்தக் கோப்பு, எந்த வரி என்று அதுவே சொல்லிவிடும்.

தீர்வு சிறியதுதான். 3.11-இலேயே ஸ்டர்எனம் என்ற புதிய தாய் கிளாஸ் வந்தது. அதைப் பயன்படுத்தினால் எல்லா வழியிலும் மதிப்பே கிடைக்கும். ஆனால் 3.10-இல் அது கிடையாது. இரண்டிலும் ஓட வேண்டிய நூலகம் வைத்திருப்பவர்கள், சர வகையின் சொந்த மாற்று முறையை எனத்துக்குள் ஒரே வரியில் எடுத்து வைத்துக்கொள்ளலாம். இரண்டு பதிப்பிலும் ஒரே விடை வரும். பைத்தானில் இணையதளம் எழுதும் கட்டமைப்பான ஜாங்கோவின் டெக்ஸ்ட்சாய்சஸ் என்ற எனம் வகை முன்பே தன் மாற்று முறையைத் தானே எழுதி வைத்திருந்ததால், அதைப் பயன்படுத்திய பகுதிகளில் ஒரு வரிகூட நாங்கள் தொடவில்லை.

இன்று புதிதாகத் தொடங்குபவர் ஸ்டர்எனத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். பழைய நிரலை மாற்றுபவர்கள், சதவீதக் குறி முறையில் 'நிலை.நிலுவை' என்ற நீளப் பெயரை நம்பியிருக்கும் வரிகளை முதலில் தேடி எடுங்கள். ஸ்டர்எனத்துக்கு மாறியதும் அங்கே வெறும் 'பெண்டிங்' வரும். சோதனையில் ஒப்பிட வேண்டியது உறுப்பை அல்ல, எஃப்-சரத்திலிருந்து வெளிவரும் முழுச் சரத்தை.