16,500 ரூபாய் வாங்கிக்கொண்டு இரைச்சலை இரண்டு மடங்காக்கிக் கொடுத்தார்கள்: கிட்டாரில் பிக்கப் மாற்றக் கொடுப்பவர்களே, கவனம்

நேற்று இரவு பதினொன்றரை மணிக்குத்தான் விஷயம் முழுதாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு தூக்கமில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆறிவிட்டால் "போய்த் தொலையட்டும்" என்று நானே விட்டுவிடுவேன். அந்தக் கடைக்காரர்களும் அதைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

எலக்ட்ரிக் கிட்டாரில் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம்) மாற்றக் கொடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். கொடுப்பதற்கு முன்பும் திரும்ப வாங்கும்போதும் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கடையின் பெயர் வேண்டாம். சென்னையில் நகரத்தின் நடுவில் உள்ள பெரிய இசைக்கருவிக் கடை என்பது போதும். கீழே விற்பனை, மாடியில் பழுதுபார்க்கும் மேசை. அங்கே நான் கொடுத்தது மொத்தம் 16,500 ரூபாய். பிக்கப் 9,800, மாற்றும் கூலி 1,700, வெளி இரைச்சல் புகாமலிருக்க உள்ளே செப்புத் தகடு ஒட்டுவதற்கு 1,500, பிறகு அவர்களே என் தலையில் கட்டிய இரைச்சல் தடுப்புப் பெடல் 3,500. நான் மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறவன். ஒரு கச்சேரிக்கு எனக்கு 1,500 ரூபாய் கிடைக்கும். 16,500 என்பது எனக்குப் பதினொரு இரவுகளின் கூலி.

எதற்காகப் போனேன் என்பதை முதலில் சொன்னால்தான் அவர்கள் செய்ததன் கொடுமை புரியும். என்னுடையது 2014இல் வாங்கிய கிட்டார். மூன்றும் சிங்கிள் காயில் பிக்கப், அதாவது ஒரே கம்பிச்சுருள் உள்ளவை. சிங்கிள் காயிலின் ஒலி எனக்கு உயிர். ஆனால் காந்தத்தைச் சுற்றிப் பல ஆயிரம் சுற்றுகளாக, தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பியைச் சுற்றினால், அது தந்தியின் அதிர்வை மட்டுமா பிடிக்கும்? பக்கத்தில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ரீங்காரத்தையும் சேர்த்தே பிடிக்கும். திருவிழா மேடையில் தலைக்கு மேல் சீரியல் செட், பின்னால் டியூப் லைட், பக்கத்தில் ஜெனரேட்டர். பாட்டு ஓடும்போது தெரியாது. பாட்டு முடிந்து தொகுப்பாளர் பேச வரும்போது "ம்ம்ம்ம்" என்று கிளம்பும்.

இதற்கு மருந்து ஹம்பக்கர். 1955இல் கிப்சன் நிறுவனத்தில் இருந்த செத் லவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அமைப்பு அது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு காயில்கள். ஒன்றில் காந்தத்தின் வட துருவம் மேலே, மற்றொன்றில் தென் துருவம் மேலே. மின்னிணைப்பும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசை. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு காயிலிலும் எதிரெதிராக விழுந்து ஒன்றையொன்று அழித்துவிடும். காந்தமும் மாறியிருப்பதால் தந்தியின் ஒலி மட்டும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். சிங்கிள் காயில் அளவிலேயே ஹம்பக்கர் கிடைக்கிறது, மரத்தைக் குடைய வேண்டியதில்லை. பிரிட்ஜ் (தந்திகளின் கீழ்முனையைத் தாங்கும் பகுதி) பக்கம் அதில் ஒன்றைப் போட்டால் போதும் என்றுதான் கடைக்குப் போனேன்.

அந்த மாடியில் நடந்ததை நினைத்தால்தான் இப்போதும் வயிறு எரிகிறது. பழுதுபார்ப்பவர் என் கிட்டாரை வாங்கி, மடியில் வைத்து, பின்புற மரத்தை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். காதை அருகில் வைத்துக் கேட்டார். "சார், நல்ல மரம். யார் கேட்டாலும் இதை விற்றுவிடாதீர்கள்" என்றார். அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். பதினொரு வருடமாகத் தோளில் சுமக்கும் பொருளை ஒருவர் மதித்துப் பேசினால் அவர் கையில் எதையும் கொடுத்துவிடத் தோன்றுகிறது. "இந்த மாதிரி நூறு கிட்டாருக்கு மாற்றியிருக்கிறேன். இரைச்சல் என்ற பேச்சே இருக்காது. உள்ளே செப்புத் தகடும் ஒட்டிவிடுகிறேன்" என்றார். பிக்கப்புக்கு மட்டும் பில் போட்டார்கள். கூலிக்கும் தகட்டுக்கும் ஒரு வெள்ளைத் துண்டுச் சீட்டு. நானும் கேட்கவில்லை.

நான்கு நாள் கழித்துப் போனேன். கடையில் இருந்த சின்ன ஆம்ப்ளிபயரில் வால்யூமைக் குறைத்து வைத்து இரண்டு கார்டு வாசித்துக் காட்டினார். பக்கத்தில் ஒரு பையன் கீபோர்டு பழகிக்கொண்டிருந்தான். எனக்கு இரைச்சல் கேட்டது. ஒலியும் மெலிந்து, மூக்கால் பேசுவதுபோல் இருந்தது. சொன்னேன். "கடையில் இத்தனை விளக்கு எரிகிறது சார். பிக்கப் புதிது, வாசிக்க வாசிக்கச் சரியாகிவிடும்" என்றார். பிக்கப் என்ன செருப்பா, பழகப் பழகச் சரியாக? ஆனால் அன்றைக்கு எனக்கு இப்படிக் கேட்கத் தோன்றவில்லை. மரத்தைத் தட்டிப் பார்த்த அந்த மனிதர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன்.

ஆடி மாதம், வியாசர்பாடியில் ஒரு அம்மன் கோயில் கச்சேரி. முதல் பாட்டு முடிந்த நொடியில் ஒலிபெருக்கி முழுவதும் என் கிட்டாரின் இரைச்சல். பழைய பிக்கப் ஒருநாளும் இப்படிக் கத்தியதில்லை. பாடகி திரும்பி என்னைப் பார்த்தார். தந்தி மேல் உள்ளங்கையை வைத்தேன், குறையவே இல்லை. நான்காவது பாட்டில் சவுண்ட் அண்ணன் என் சேனலை மூடிவிட்டார். மீதி இரண்டரை மணி நேரம் ஒலி வராத கிட்டாரை வாசித்துக்கொண்டு மேடையில் நின்றேன். அதற்குப் பிறகு இரண்டு கச்சேரிகளுக்குக் குழுத்தலைவர் வேறு ஆளை அழைத்துக்கொண்டார். அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

அடுத்த நாளிலிருந்து அலைச்சல். முதல் போன்: "கேபிள் மட்டமாக இருக்கும், மாற்றுங்கள்." மாற்றினேன். இரண்டாவது: "உங்கள் வீட்டில் எர்த் சரியில்லை." எலக்ட்ரீஷியனை வரவழைத்துப் பார்த்தேன், எர்த் நன்றாக இருக்கிறது. மூன்றாவது முறை நேரில் போனேன். கிட்டாரைக் கையில்கூட வாங்கவில்லை. "மேடை என்றால் இப்படித்தான் இருக்கும், இந்தப் பெடலைப் போடுங்கள்" என்று 3,500 ரூபாய்க்கு நாய்ஸ் கேட் ஒன்றை விற்றார்கள். அது நாம் வாசிக்காத நேரத்தில் ஒலியை அடைத்து வைக்கும், அவ்வளவே. வாசிக்கும்போது இரைச்சல் அடியில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நீளமாகப் பிடித்த சுரத்தின் வாலையும் வெட்டிவிடும்.

நான்காவது போனில் சொன்னதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. "ஆம்ப்ளிபயர் பிளக்கில் மேலே இருக்கும் பெரிய பின்னைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள், இரைச்சல் போய்விடும்." அது எர்த் பின். ஈர மண்ணில் போட்ட மேடை, கை கிட்டார் தந்தியில், உதடு மைக்கில். ஆம்ப்ளிபயருக்குள் ஏதாவது கசிந்தால் அந்த மின்சாரம் போக ஒரே வழி வாசிக்கிறவனின் உடம்புதான். சவுண்ட் அண்ணனிடம் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. "உயிர் வேண்டாமா தம்பி?" என்றார். ஒரு வாடிக்கையாளர் செத்தாலும் பரவாயில்லை, கிட்டாரை மறுபடி திறந்து பார்க்க மட்டும் மாட்டார்கள்.

சவுண்ட் அண்ணன்தான் பெரம்பூரில் ரேடியோ, டிவி பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் அனுப்பினார். நேற்று இரவு கடை மூடுகிற நேரத்தில் போனேன். தந்திகளைத் தளர்த்தி, பிக்கப்புகள் பொருத்திய பிளாஸ்டிக் தகட்டைத் தூக்கினார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

செப்புத் தகடு என்று ஒரு துணுக்குகூட உள்ளே இல்லை. 1,500 ரூபாய்! வால்யூம் கண்ட்ரோலின் முதுகில் சாம்பல் நிறத்தில் பொரிபொரியாக ஓர் ஈய உருண்டை. அவர் இடுக்கியால் நெருடியதும் கம்பி கையோடு கழன்று வந்தது. "டிரை சால்டர்" என்றார், சரியாக உருகி ஒட்டாத ஈயம். மூலையில் ஒரு கறுப்புக் கம்பி, வெட்டுப்பட்டு, முனையில் செல்லோடேப் சுற்றப்பட்டுக் கிடந்தது. பின்புற ஸ்பிரிங் குழியிலிருந்து வந்து தந்திகளை எர்த்தோடு சேர்க்கிற கம்பி அது. பிளாஸ்டிக் தகட்டைத் தூக்க இடைஞ்சலாக இருந்ததென்று வெட்டியவர்கள், திரும்ப ஒட்டவில்லை. மேடையில் தந்தியைத் தொட்டும் இரைச்சல் குறையாததற்கு அதுதான் காரணம்.

பிறகு பிக்கப். பெரியவர் கேபிள் செருகும் ஜாக்கில் முள் மீட்டரை மாட்டினார். ஓம், அதாவது மின்தடை, சரியாகவே காட்டியது. ஓம் மட்டும் பார்த்தால் இந்தத் தவறு தெரியாது என்று சொல்லிவிட்டு, மீட்டரை வோல்ட் பக்கம் திருப்பினார். ஒரு மெல்லிய ஸ்க்ரூ டிரைவரை முதல் காயில் மேல் வைத்துச் சட்டென்று எடுத்தார். முள் வலப்பக்கம் துள்ளியது. இரண்டாவது காயில் மேல் வைத்து எடுத்தார். முள் இடப்பக்கம் துள்ளியது. இரண்டும் ஒரே பக்கம் துள்ள வேண்டும். "ஒரு காயிலைத் தலைகீழாக இணைத்திருக்கிறார்கள் தம்பி."

பிக்கப் வந்த பெட்டியைக் கொண்டுபோயிருந்தேன். அதற்குள் இணைப்புப் படம் போட்ட தாள், பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. என்னுடையது டிமார்சியோ பிக்கப். அதில் சிவப்புக் கம்பி ஒலிக்கு. கறுப்பும் வெள்ளையும் சேர்த்துச் சுற்றிவிட வேண்டும். பச்சையும் உறையில்லாத கம்பியும் எர்த்துக்கு. சீமோர் டங்கன் பிக்கப்பில் கறுப்பு ஒலிக்கு, சிவப்பும் வெள்ளையும் சேர வேண்டும். நிறுவனத்துக்கு நிறுவனம் நிறம் மாறும். இவர்கள் ஒன்றின் கம்பிக்கு இன்னொன்றின் முறையைப் போட்டுவிட்டார்கள். விளைவு என்ன தெரியுமா? அழிய வேண்டிய இரைச்சல் இரண்டு காயிலிலும் கூடிவிட்டது, கூட வேண்டிய தந்தியொலி அழிந்துவிட்டது. இரைச்சலைக் கொல்லச் செய்த பொருளை இரைச்சலை வளர்க்கும்படி மாட்டிவிட்டு, இரண்டரை மாதம் என் கேபிள் மேலும் என் வீட்டுச் சுவர் மேலும் பழி போட்டார்கள். தாளைப் பிரித்துப் பார்க்க அரை நிமிடம் ஆகியிருக்குமா?

பெரியவர் நாற்பது நிமிடத்தில் எல்லாவற்றையும் சரிசெய்தார். 150 ரூபாய் வாங்கிக்கொண்டார். அங்கிருந்த பழைய ஆம்ப்ளிபயரில் மாட்டினோம். எரிகிறதா என்று சிவப்பு விளக்கைக் குனிந்து பார்த்தேன், அவ்வளவு அமைதி.

எழுதிக்கொண்டிருக்கும்போதே, பத்தரை மணிக்குக் கடை திறந்ததும், போன் செய்தேன். "வெளியாள் திறந்துவிட்டால் எங்கள் பொறுப்பு கிடையாது சார்." ஒட்டாத தகட்டுக்கு வாங்கிய 1,500? "அதற்குப் பில் இருக்கிறதா?" என் பழைய பிக்கப் எங்கே? "அது ஸ்கிராப்பில் போயிருக்கும்." வைத்துவிட்டார்கள். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, அங்கும் போவேன். 16,500 ரூபாயையும் விடமாட்டேன்.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது முடியவில்லை. இவற்றையாவது செய்யுங்கள். கூலிக்கும் பில் கேளுங்கள், துண்டுச் சீட்டோடு விட்டுவிடாதீர்கள். கொடுக்கும் முன் உள்ளே படமெடுங்கள். மூடுவதற்கு முன் திறந்த நிலையிலேயே காட்டச் சொல்லுங்கள். பெட்டியில் உள்ள படத்தோடு நிறத்தை ஒப்பிடுங்கள். வால்யூமை முழுதாக ஏற்றிக் கேளுங்கள். ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் இரைச்சல் குறைந்து, தந்தியைத் தொட்டால் குறையவில்லை என்றால் தந்தியின் எர்த் கம்பி விட்டுப்போயிருக்கிறது. எர்த் பின்னை யார் சொன்னாலும் கழற்றாதீர்கள். பழைய பிக்கப்பை அங்கேயே, அப்போதே, கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

என்னுடையதன் அடிப்பக்கத்தில், முதல்முறை தூசி தட்டத் திறந்தபோது, நீல மையில் 2014 என்று எழுதியிருந்தேன். பழைய பிக்கப் என்று யாராவது அதை உங்களிடம் விற்றால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.