பதினைந்து லிட்டர் வெந்நீர்

சென்னையின் நடுத்தர வாடகை ஓட்டல்கள் எவ்வளவோ மாறிவிட்டன. ஏசி சத்தமில்லை, விரிப்பு வெள்ளை வெளேரென்று இருக்கிறது, வைஃபை வேலை செய்கிறது. இதையெல்லாம் விவரிக்க வேண்டியதில்லை. எழுத வேண்டியது குளியலறையைப் பற்றித்தான். கண்ணாடித் தடுப்பு, தலைக்கு மேல் அகலமான மழை ஷவர், பளபளக்கும் ஒற்றைக் கைப்பிடிக் குழாய். லண்டன், டொராண்டோ ஓட்டலுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் தலையில் ஷாம்பு நுரை இருக்கும்போதே, நாலாவது நிமிடத்தில், தண்ணீர் பச்சைத் தண்ணீராகிவிடுகிறது.

பழைய லாட்ஜ்களில் “வெந்நீர் காலை 6 முதல் 9 வரை” என்று ரிசப்ஷனிலேயே எழுதி மாட்டியிருப்பார்கள். ரூம் பாய் பக்கெட்டில் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டுவார். விளாவிக் குளித்தால் முடிந்தது. ஒன்பது மணிக்கு மேல் எழுந்தவருக்கு வெந்நீர் கிடையாது, அதில் வாதமும் கிடையாது. இப்போது “24 மணி நேர வெந்நீர்” என்கிறார்கள். அது பொய்யில்லை. எத்தனை லிட்டர் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

குளியலறையின் பொய்க் கூரைக்கு மேலே ஒளிந்திருப்பது பெரும்பாலும் 15 லிட்டர் கீசர், 2,000 வாட். 28 டிகிரியில் வரும் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக அதற்குச் சுமார் 17 நிமிடம் தேவை. குளிக்க 40 டிகிரி போதும் என்று வைத்துக்கொண்டால், 60 டிகிரித் தண்ணீர் 15 லிட்டரோடு பச்சைத் தண்ணீர் 25 லிட்டர் விளாவலாம். ஆக மொத்தம் 40 லிட்டர். 20 லிட்டர் பக்கெட் என்றால் சரியாக இரண்டு பக்கெட், இரண்டு பேர் திருப்தியாகக் குளிக்கலாம். மழை ஷவர் நிமிடத்துக்குப் பத்து லிட்டருக்குக் குறையாமல் கொட்டும். அதே 40 லிட்டர் நாலு நிமிடத்துக்குத்தான் காணும். நடைமுறையில் அந்த நாலு நிமிடம்கூட முழுதாகக் கிடைப்பதில்லை. கீசரிலிருந்து வெந்நீர் வெளியேற வெளியேற அடியில் பச்சைத் தண்ணீர் புகுந்து கலக்கிறது.

கோளாறு இங்கேதான் இருக்கிறது. கீசரைப் பக்கெட் குளியலுக்கு அளவெடுத்து வாங்கியிருக்கிறார்கள், ஷவரை வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து வாங்கியிருக்கிறார்கள். டொராண்டோ வீட்டு அடித்தளத்தில் நிற்கும் டேங்க் பெரும்பாலும் 150 லிட்டருக்குக் குறையாது. லண்டன் வீடுகள் பலவற்றில் பாய்லர் தண்ணீர் ஓட ஓடச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். அந்த ஏற்பாடு பின்னால் இருந்தால்தான் மழை ஷவருக்கு அர்த்தம் உண்டு. இரண்டையும் இணைத்தவர்கள் ஒருநாளாவது அந்த அறையில் தலைக்குக் குளித்துப் பார்த்திருக்க வேண்டும்.

இதோடு சாவி அட்டை வேறு. கதவுக்குப் பக்கத்துச் சட்டத்தில் அட்டையைச் செருகினால்தான் அறைக்கு மின்சாரம். எடுத்த சில நொடிகளில் விளக்கு, ஏசி எல்லாம் அணையும். மின்சாரம் மிச்சம், நல்ல ஏற்பாடுதான். ஆனால் பல ஓட்டல்களில் கீசரையும் அதே லைனில் கோத்துவிடுகிறார்கள். நாளெல்லாம் வெயிலில் அலைந்து திரும்பி, அட்டையைச் செருகி, நேரே ஷவருக்கடியில் போய் நின்றால் வெதுவெதுப்புக்கூட இராது. ரிசப்ஷனுக்குப் போன் செய்தால் “சுவிட்ச் போட்டு இருபது நிமிஷம் ஆகணும் சார்” என்று பணிவாகத்தான் பதில் வரும். அந்த வாக்கியத்தை அறைக்குள் நுழையும்போதே சொல்லியிருக்கலாம்.

வழி எளிது. கீசர் சுவிட்ச் பெரும்பாலும் குளியலறைக் கதவுக்கு வெளியே, சிறு சிவப்பு விளக்கோடு இருக்கும். வெளியே கிளம்புவதற்கு அரை மணி முன்பே போட்டுவிடுங்கள். தண்ணீர் முழுச் சூட்டுக்கு வந்ததும் கீசர் தானே நின்றுவிடும். உள்ளே பஞ்சுபோன்ற வெப்பக்காப்பு இருப்பதால், அட்டையை எடுத்துக்கொண்டு போனாலும் மூன்று நான்கு மணி நேரம் நல்ல சூடு தங்கும். இரண்டாவது அட்டை கேட்டு வாங்கி ஒன்றைச் செருகிவிட்டுப் போவது இன்னொரு வழி. அப்படிச் செய்தால் ஏசியை மறக்காமல் அணைத்துவிடுங்கள். போன், லேப்டாப் சார்ஜ் ஏற்றவும் இதே சிக்கல் உண்டு. அட்டை இல்லாமலும் மின்சாரம் வரும் பிளக் எது என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜின் பிளக் பெரும்பாலும் அப்படிப்பட்டதுதான்.

இருபது நிமிடம் ஆகியும் சூடு ஏறவில்லை என்றால் காரணம் வேறு. சிவப்பு விளக்கே எரியாவிட்டால் மின்கசிவுக்கு விழும் சுவிட்ச் விழுந்திருக்கும். உப்புத் தண்ணீரில் கம்பிச்சுருள் அரித்து மின்சாரம் கசிவதே இதற்கு வழக்கமான காரணம். அதைத் தூக்கிவிட்டுக் குளிக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அறையை மாற்றச் சொல்லுங்கள். விளக்கு எரிகிறது, ஆனாலும் வெதுவெதுப்புதான் என்றால் கம்பிச்சுருளில் சுண்ணாம்புப் படிவம் ஏறியிருக்கும். இல்லையென்றால் குழாயில் பச்சைத் தண்ணீர் எதிர்த்திசையில் வெந்நீர் லைனுக்குள் புகுந்துகொண்டிருக்கும். கைப்பிடியை நடுவில் திறந்துவைத்துவிட்டு, கைஷவரை மட்டும் அதன் பொத்தானில் மூடியிருந்தால் அப்படி நடக்கும். கைப்பிடியை முழுக்க மூடிவிட்டு, பிறகு இடப்பக்கம் முழுவதும் திருப்பித் திறந்து பாருங்கள். ஷவர் நூல்நூலாகப் பீய்ச்சினால் துளைகளில் உப்பு அடைத்திருக்கிறது. ரப்பர் துளைகள் என்றால் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாலே உதிர்ந்துவிடும்.

மேல்மாடி அறை அமைதியாக இருக்கும் என்று கேட்டு வாங்குகிறவர்களுக்கு ஒன்று. தண்ணீர் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்குகிறது. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம் என்பது கணக்கு. கடைசி மாடியில் தொட்டிக்கும் ஷவருக்கும் இடையே மூன்று நான்கு மீட்டர்தான். அழுத்த பம்ப் இல்லாத ஓட்டலில் மழை ஷவர் அங்கே தூறலாகத்தான் விழும். இரண்டு மூன்று மாடி கீழே கேளுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் போகிறவர்களுக்கோ தலைகீழ்ப் பிரச்சினை: மதியம் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தாலே கை சுடும். அந்த மாதங்களில் கீசரை மறந்துவிட்டு விடியற்காலையில் குளிப்பதுதான் சுகம்.

சுவிட்சே இல்லாத அறைகளும் உண்டு. அங்கே கட்டடம் முழுவதற்கும் ஒரே வெந்நீர் ஏற்பாடு. அது உண்மையிலேயே 24 மணி நேரம் வரும், ஆனால் குழாயில் தேங்கிய பச்சைத் தண்ணீர் முதலில் ஓடித் தீர வேண்டும். ஓரிரு நிமிடம் பொறுமை வேண்டும். தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்த காலத்தை மறக்காதவர்களுக்கு அதைச் சாக்கடையில் விட மனம் வராது. பக்கெட்டில் பிடித்து வையுங்கள்.

மற்றவை சுருக்கமாக. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களின் விவரத்தை ஓட்டல்காரர் 24 மணி நேரத்துக்குள் குடிவரவு அலுவலகத்துக்கு ஆன்லைனில் பதிய வேண்டும். சி ஃபாரம் என்று பழகிய பெயர். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்களிடமும் கேட்பார்கள், பாஸ்போர்ட்டோடு அதையும் கையில் வைத்திருங்கள். அறை பெரும்பாலும் மதியம் ஒரு மணி, இரண்டு மணிக்குத்தான் கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் விமானங்களில் பல நள்ளிரவுக்கு மேல் இறங்குகின்றன. அதனால் முந்தைய நாளிலிருந்தே பதிவு செய்து, “விடியற்காலை வருகிறோம், ரத்து செய்துவிடாதீர்கள்” என்று போனில் சொல்லிவையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. 4,000 ரூபாய் அறைக்கு வரி 200 ரூபாய், பில்லில் அதைப் பாருங்கள். கனடா, அமெரிக்காவிலிருந்து 120 வோல்ட் ஹேர் டிரையர் கொண்டுவராதீர்கள். பிளக்கை மாற்றிச் செருகினாலும் இங்குள்ள 230 வோல்ட்டில் ஏறக்குறைய நாலு மடங்கு மின்சாரம் இழுத்துக் கருகிவிடும்.

திரும்பவும் குளியலறைக்கு. புதிய ஓட்டல்களில் பக்கெட்டும் மக்கும் அறையில் இருப்பதில்லை. கேட்டால் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும், முகம் சுளிக்காமல் தருகிறார்கள். வயதான அப்பா அம்மாவோடு தங்குகிறவர்கள் கூடவே ஒரு பிளாஸ்டிக் முக்காலியும் கேளுங்கள். அந்த வழவழப்பு டைல்ஸில் நின்றுகொண்டு, குனிந்து காலுக்குச் சோப்புப் போடுவது அவர்களுக்கு ஆகாத காரியம். விமானத்துக்கு விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டுமென்றால் இரண்டு மணிக்கு அலாரம் வைத்து, கீசரைப் போட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளுங்கள். இரண்டரைக்கு முதல் பக்கெட்டில் அம்மா குளிக்கட்டும், அடுத்தது உங்களுக்கு. மழை ஷவர் பக்கம் போகாதீர்கள்.