விகிதம் கற்பிக்க எது ஏற்றது: மேசைப் பற்சக்கரமா, சைக்கிளா, மலை ரயிலா?

குன்னூரில் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்கு விகிதம் நடத்தும்போது மேசைமேல் சுழலும் இரண்டு பற்சக்கரங்கள், சைக்கிள், மலை ரயில் பாதையின் பல்சட்டம் (பற்கள் கொண்ட இரும்புச் சட்டம்) ஆகிய மூன்றையும் நான் பயன்படுத்தியிருக்கிறேன். தொடக்கத்திற்கு மேசைச் சக்கரங்களே ஏற்றவை என்பது என் முடிவு.

காரணம், பிள்ளைகளிடம் ஊறிப்போன கூட்டல் சிந்தனை. 12 பல் சக்கரத்தோடு 8 பல் சக்கரத்தை இணைத்தால், "நாலு பல் வித்தியாசம், அதனால் சின்னது நாலு சுற்று கூடச் சுற்றும்" என்று பலர் சொல்கிறார்கள். சுழற்றினால் பெரியது 2 சுற்றுக்குள் சின்னது 3 சுற்று முடித்துவிடுகிறது. அடுத்து 24, 20 பற்கள் கொண்ட இணையைக் கொடுக்கிறேன். வித்தியாசம் அதே 4, ஆனால் பெரியது 5 சுற்றினால் சின்னது 6 சுற்றுகிறது. பிறகு 24, 16. வித்தியாசம் 8 ஆகிவிட்டது, சுற்றோ மீண்டும் 2-க்கு 3. இந்த மூன்று இணைகளையும் இதே வரிசையில் தருவது முக்கியம்; ஏனெனில் கழித்தல் விடை ஏன் உதவவில்லை என்று அவர்களே கேட்கத் தொடங்குவது மூன்றாவது இணையில்தான். ஒரு பல் நகர்ந்தால் எதிர்ச்சக்கரத்திலும் ஒரு பல்தான் நகர முடியும் என்பதைக் கண்ணால் கண்ட பிறகு, 12×2, 8×3 இரண்டும் 24 என்பது மனப்பாடமாக இருப்பதில்லை. ஏழாம் வகுப்பின் எதிர் விகிதத்துக்கும் அதுவே வாசல்.

செலவும் குறைவு. அட்டைப்பெட்டியின் நெளிதாளை எண்ணி வெட்டி, பொருத்தமான மூடிகளைச் சுற்றி ஒட்டினால் போதும். ஒரே தாள் என்பதால் நெளிவுகளின் இடைவெளி மாறாது. ஒரு பல்லுக்கு மட்டும் வண்ணம் பூச வேண்டும்; இல்லாவிட்டால் சுற்றை எண்ணுவதில் குழப்பம் வரும்.

சைக்கிளின் பலம் வேறு. முன்னால் 48 பல், பின்னால் 18 பல் இருந்தால், பெடல் 3 சுற்றினால் பின்சக்கரம் 8 சுற்றும். ஏற்றத்தில் அந்த விகிதத்தின் கனத்தைக் கால் உணரும். ஆனால் சங்கிலி இடையில் இருப்பதால் பல்லுக்குப் பல் என்ற உறவு கண்ணுக்கு மறைகிறது. எங்கள் சரிவுகளில் சைக்கிளில் வரும் பிள்ளைகளும் குறைவு.

கல்லாறு–குன்னூர் இடையே, அதிகபட்சம் 12-க்கு 1 என்ற சரிவில் (12 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏற்றம்), என்ஜினின் பற்சக்கரம் தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல்சட்டத்தைப் பற்றி ஏறுகிறது. இங்கே சுற்று தூரமாக மாறுவதால் இது நேர் விகிதம்; இரு மடங்கு சுற்று, இரு மடங்கு தூரம். பிள்ளைகளுக்குப் பழகிய ரயில் என்பதால் ஆர்வம் தானாக வரும். எனினும் பற்சக்கரம் என்ஜினுக்கு அடியில் மறைந்திருப்பதால் பல்லை எண்ண முடியாது. ஆகவே மேசைப் பாடம் முடிந்த பிறகே குன்னூர் நிலையத்துக்கு அழைத்துச் செல்கிறேன்.