‘மூலிகை’ பாட்டிலுக்குள் சைபர்மெத்ரின்: இயற்கைக் காய்கறி போடுபவர்கள் கவனிக்க

இயற்கை முறையில் காய்கறி போட ஆரம்பித்திருப்பவர்களுக்கு, முக்கியமாகக் கத்தரியும் வெண்டையும் போட்டிருப்பவர்களுக்கு இந்தப் பதிவு. ‘மூலிகைப் பூச்சி விரட்டி’, ‘பயிர் ஊக்கி’, ‘100% ஹெர்பல்’ என்றெல்லாம் பெயர் போட்டு உரக்கடைகளில் விற்கும் பாட்டில்களை வாங்குவதற்கு முன்னால் லேபிளை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். எங்கள் தோட்டத்துக்கு வந்த பாட்டிலில் வேப்பெண்ணெய் வாசனையோடு சைபர்மெத்ரின், எமாமெக்டின் பென்சோயேட் என்ற இரண்டு ரசாயனப் பூச்சிக்கொல்லிகளும் இருந்தன. ஆய்வக அறிக்கை கையில் இருக்கிறது. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடை, கம்பெனி பெயர்களை இங்கே போடவில்லை.

எங்கள் ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். முப்பது சென்ட்டில் வரிக்கத்தரி, பக்கத்தில் கொஞ்சம் வெண்டை, வரப்பு ஓரம் செண்டுமல்லி. பி.ஜி.எஸ். குழுவில் சேர்ந்திருக்கிறோம். தெரியாதவர்களுக்கு: குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் தோட்டத்தை மற்றவர்கள் பார்த்துச் சரி என்று எழுதிக் கொடுக்கும் மத்திய அரசின் இயற்கை விவசாயச் சான்றிதழ் முறை இது. சிறு விவசாயிக்குச் செலவு குறைவு. ஆனால் ஒருவர் தோட்டத்தில் தப்பு நடந்தால் கையெழுத்துப் போட்ட எல்லோருக்கும் தலைவலி.

கத்தரி போட்டவர்களுக்குத் தண்டு, காய்த் துளைப்பானைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நுனிக்குருத்து வாடித் தொங்கும். கிள்ளி நகத்தால் பிளந்தால் உள்ளே ரோஸ் நிறத்தில் புழு. இனக்கவர்ச்சிப் பொறி வைத்திருந்தோம், வாடிய குருத்தைக் கிள்ளி எரித்தோம், வேப்பங்கொட்டைக் கரைசலும் அடித்துக்கொண்டிருந்தோம். 100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பு என்று இடித்து ராத்திரி முழுக்க ஊறப்போட்டு வடிகட்டுவது லேசான வேலை இல்லை. மழை விட்டு வெயில் அடித்த வாரத்தில் துளைப்பானோடு இலையைச் சுரண்டும் புள்ளி வண்டும் சேர்ந்துகொண்டது.

மஞ்சள் ஒட்டு அட்டை வாங்கப் போன கடையில்தான் அந்தப் பாட்டிலை எடுத்து நீட்டினார்கள். “எதுக்குக்கா வேப்பங்கொட்டை இடிச்சுக் கஷ்டப்படுறீங்க? இது முழுக்க மூலிகை. சர்டிபிகேட்டுக்கு ஒண்ணும் ஆகாது. நம்ம பக்கம் இயற்கை விவசாயம் பண்றவங்க எல்லாம் இதைத்தான் அடிக்கிறாங்க” என்றார் கடைக்காரர். கடைசியாகச் சொன்னது உண்மையாக இருந்துவிடுமோ என்பதுதான் இன்றைக்கும் என் பயம்.

கால் லிட்டர் பாட்டில், 650 ரூபாய். முன்பக்கம் வேப்பிலை, துளசி, ஒரு பசுமாடு. ‘நச்சுத்தன்மை அற்றது’ என்று கொட்டை எழுத்து. மூலையில் ஐ.எஸ்.ஓ. 9001 முத்திரை. அந்த முத்திரை கம்பெனியின் நிர்வாக முறைக்குத் தருவது. பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பின்பக்கம் ‘மூலிகைச் சாறுகள், துணைப்பொருட்கள்’ என்று ஒரே வரி. எந்தச் சாறு, எத்தனை சதவீதம் என்று எதுவும் கிடையாது. பில் கேட்டதற்கு ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்த சீட்டில் எழுதித் தந்தார். பேட்ச் எண் எழுதச் சொன்னதற்கு, “இதுக்கெல்லாம் எழுதறதில்லக்கா” என்று சிரித்தார்.

மூடியைத் திறந்ததும் வேப்பெண்ணெய் வாசனை தூக்கியது. கொஞ்ச நேரம் கழித்துத் தின்னர் மாதிரி ஒரு நெடி. தண்ணீரில் ஊற்றியதும் பால் மாதிரி வெளுத்தது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, நல்ல வேப்பெண்ணெய் மருந்தும் அப்படித்தான் வெளுக்கும். லிட்டருக்கு 2 மில்லி என்று போட்டிருந்தபடி வீட்டுக்காரர் காலையில் தெளித்தார். டீ குடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால் புள்ளி வண்டெல்லாம் மல்லாந்து காலை உதறிக்கொண்டு கிடந்தது. கூடவே, அசுவினியைத் தின்று நமக்கு உதவி செய்யும் பொறிவண்டுகளும். செண்டுமல்லிப் பக்கம் தேனீக்கள் பறக்க முடியாமல் மண்ணில் சுற்றிக்கொண்டிருந்தன.

வேம்பு இப்படி வேலை செய்யாது. பூச்சி தின்பதை நிறுத்தும், தோலுரித்து வளர்வது கெடும், பலன் தெரியச் சில நாள் ஆகும். பி.டி. பாக்டீரியா மருந்தும் புழு தின்றால்தான் வேலை செய்யும். தெளித்த ஒரு மணி நேரத்துக்குள் வண்டு கொத்துக் கொத்தாக விழுந்தால் அது பெரும்பாலும் பைரித்ராய்டு வகை விஷத்தின் வேலை. சைபர்மெத்ரின் அந்த வகைதான்.

மிச்சத்தைத் தெளிக்காமல் நிறுத்திவிட்டோம். ஆனால் பறித்த காய் அதற்குள் கோயம்புத்தூர் போய்விட்டது. எங்களிடம் கிலோ 45 ரூபாய்க்கு எடுக்கும் இயற்கை அங்காடி, அவ்வப்போது மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும். அந்த முறை எங்கள் கத்தரி மாட்டியது. இரண்டு மருந்தின் பெயரும் அறிக்கையில் வந்தது. பாட்டிலில் மிச்சமிருந்ததைத் தனியாகக் கொடுத்துச் சோதித்தோம், அதிலும் அதே இரண்டு. ஒரு மாதிரிக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. எங்களைப் போன்றவர்களுக்கு அதுவே ஒரு வாரக் காய் காசு.

அங்காடி கொள்முதலை நிறுத்திவிட்டது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த முப்பது சென்ட்டுக்கு மாறுதல் காலம், அதாவது இயற்கைச் சான்றிதழ் கிடைக்கும்வரை ரசாயனம் இல்லாமல் ஓட்ட வேண்டிய காலம், மறுபடி முதலிலிருந்து. குழுவில் எங்களுக்காகக் கையெழுத்துப் போட்டவர்களும் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டி வந்தது. அதில் ஒரு பெரியவர் என் மாமனாருக்குப் பழக்கமானவர். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

இதைவிடக் கோபம் வருவது வேறொன்றுக்கு. பதிவு பெற்ற பூச்சிக்கொல்லி டப்பாவில், தெளித்து எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்க வேண்டும் என்று போட்டிருக்கும். மூலிகை என்று சொல்லி விற்பதால் இதில் அது இல்லை. மறுநாளே பறிக்கலாம் என்றுதான் கடையில் சொன்னார்கள். அந்தக் காய் எங்கள் வீட்டுக் குழம்பிலும் வெந்தது. ரசாயன விவசாயம் செய்யும் பக்கத்துத் தோட்டத்துக்காரராவது காத்திருந்து பறிக்க முடியும், எங்களுக்கு அதுகூட இல்லை.

அறிக்கையோடு கடைக்குப் போனோம். அவர் கம்பெனி ஆளைப் போனில் பிடித்துக் கொடுத்தார். “எமாமெக்டினும் மண்ணுல இருக்கிற பாக்டீரியாவுல இருந்துதாங்க வருது, அப்போ அதுவும் இயற்கைதானே?” என்றார் அவர். பாதி உண்மையை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் பாருங்கள். ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற நுண்ணுயிரி தரும் அவர்மெக்டினைத் தொழிற்சாலையில் வேதிமாற்றம் செய்துதான் எமாமெக்டின் தயாரிக்கிறார்கள். இயற்கைச் சான்றிதழில் அதற்கு இடமில்லை. சரி, சைபர்மெத்ரின் எந்தப் பாக்டீரியாவிலிருந்து வருகிறது என்று கேட்டதும் சிக்னல் கிடைக்கவில்லை.

அப்புறம் வேளாண்மைத் துறையில் தரக்கட்டுப்பாடு பார்க்கும் அலுவலரிடம் எழுதிக் கொடுத்தோம். பொறுமையாகக் கேட்டார். நாங்கள் திறந்துவிட்ட பாட்டிலை வைத்து அவரால் சட்டப்படி நடவடிக்கை எடுக்க முடியாதாம். கடையிலிருந்து சீல் உடைக்காத பாட்டிலை அவரே மாதிரியாக எடுக்க வேண்டும். அவர் போன நேரத்தில் கடை அலமாரியில் அந்தப் பாட்டில் ஒன்றுகூட இல்லை. இப்போது அதே அளவு, அதே பசுமாட்டோடு வேறு பெயரில் ஒன்று வந்திருப்பதாகக் குழுவில் ஒருவர் சொல்கிறார்.

கடையில் நின்று லேபிளில் என்ன பார்ப்பது என்று பலர் கேட்டார்கள். பூச்சியைக் கொல்லும் என்று சொல்லி விற்கும் எதுவும், வேம்பு மருந்தானாலும் பியூவேரியா பூஞ்சை, பி.டி. பாக்டீரியா போன்ற உயிரி மருந்தானாலும், 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். லேபிளில் பதிவு எண், உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, விஷத்தின் கடுமையைக் காட்டும் கலர் முக்கோணம் எல்லாம் இருக்கும். வேம்பு மருந்தென்றால், வேம்பில் பூச்சிக்கு எதிராக வேலை செய்யும் பொருளான அசாடிராக்டின் 0.03%, 0.15%, 1% என்கிற மாதிரி அளவு தெளிவாக அச்சாகியிருக்கும். அது இல்லாமல் ‘பயிர் ஊக்கி’ என்று பெயர் போட்டு, வாயால் மட்டும் ‘பூச்சிக்கும் கேட்கும்’ என்று விற்றால் வாங்காதீர்கள். ‘இயற்கைக்கு அங்கீகாரம் உண்டு’ என்றால் எந்தச் சான்றளிப்பு நிறுவனம் தந்தது, எந்தத் தேதி வரை செல்லும் என்று கேளுங்கள். எங்கள் கடையில் இதைக் கேட்டபோது காட்டியது ஒரு கண்காட்சியில் வாங்கிய கேடயம்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். 2012-இல் விதை வழக்கு ஒன்றில் விவசாயியும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணமில்லாமல் புகார் கொடுக்கலாம். அங்கேயும் முதலில் கேட்பது பில்லைத்தான். நாங்கள் எஸ்டிமேட் சீட்டு, ஆன்லைனில் பணம் அனுப்பிய பதிவு, இரண்டு ஆய்வக அறிக்கை ஆகியவற்றை வைத்துப் போட்டிருக்கிறோம்.

திண்டுக்கல், திருப்பூர், கரூர் பக்கம் யாரிடமாவது பசுமாடு படம் போட்ட கால் லிட்டர் ‘மூலிகை’ பாட்டில் சீல் உடைக்காமல் இருந்தால் திறக்க வேண்டாம், கடையில் திருப்பியும் கொடுத்துவிட வேண்டாம். பில்லோடு எடுத்துக்கொண்டு உங்கள் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போங்கள். எனக்கும் ஒரு தகவல் அனுப்புங்கள். எங்கள் மனுவோடு சேர்த்துக்கொள்கிறோம்.