ரியல்டெக் டிரைவரா, விண்டோஸின் பொது டிரைவரா?

விண்டோஸ் அப்டேட் ஆன மறுநாள் லேப்டாப் ஊமையாகிவிட்டால், ஸ்பீக்கர் போய்விட்டது என்று உடனே கடைக்கு ஓடாதீர்கள். முதலில் ஹெட்போனைச் செருகிப் பாருங்கள். அதிலும் சத்தம் இல்லையென்றால் பெரும்பாலும் டிரைவர், அதாவது ஒலிச் சிப்பை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருளின் கோளாறுதான். பல லேப்டாப்களில் அந்தச் சிப்பைத் தயாரிப்பது ரியல்டெக் நிறுவனம்.

அவசரத்துக்கு நான் நம்புவது விண்டோஸுடனேயே வரும் பொது டிரைவரான 'ஹை டெஃபனிஷன் ஆடியோ டிவைஸ்' என்பதை. இன்டர்நெட் கூடத் தேவையில்லை. கம்ப்யூட்டரின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ரியல்டெக் ஆடியோ மேல் ரைட் கிளிக் செய்து, அப்டேட் டிரைவர் போய், கம்ப்யூட்டரிலேயே உள்ள பட்டியலிலிருந்து அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். சில நிமிட வேலை. ஸ்பீக்கரில் சத்தம் வந்துவிட்டால் இன்னொரு நிம்மதி: ஸ்பீக்கர் பழுதாகவில்லை என்பதும் உறுதியாகிவிடும். ஆனால் ஒலி கொஞ்சம் தட்டையாக இருக்கலாம். சில லேப்டாப்களில் ஹெட்போன் செருகினாலும் ஸ்பீக்கர் நிற்காது. புதிய மாடல்கள் சிலவற்றில் உள் மைக் வேலை செய்யாமலும் போகலாம்.

ரியல்டெக் டிரைவரில் இந்தக் குறைகள் குறைவு. அந்த மாடலின் ஸ்பீக்கருக்கென்றே அமைத்த ஒலி அதில் இருக்கும். லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து அங்கிருந்தே இறக்குங்கள். டிரைவரைத் தேடித் தருகிறோம் என்று வரும் இலவச மென்பொருள்கள் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள்.

ஆன்லைன் வகுப்புக்குப் பத்து நிமிடம்தான் இருக்கிறதா? பொது டிரைவர். ராத்திரி நிதானமாக உட்கார்ந்து ரியல்டெக்கைப் போட்டுக்கொள்ளலாம்.