டிப்மேன் 98 ரீகாக் ஆகலையா? ஓ-ரிங்கா, டேங்கா, ஸ்பிரிங்கா

டிப்மேன் 98 பெயின்ட்பால் துப்பாக்கி (மார்க்கர்னு சொல்வாங்க) வெச்சிருக்கவங்களுக்கு என்னிக்காவது ஒரு நாள் வர்ற தொல்லை இது: ரீகாக் ஆகாது, அதாவது சுட்டதும் உள்ள முன்னும் பின்னும் ஓடற போல்ட் பின்னாடி போய் அடுத்த ஷாட்டுக்கு மாட்டிக்காது. ட்ரிகரை ஒரு தடவைதான் அழுத்துவோம், அது டர்ர்ர்னு தானாவே நாலஞ்சு தடவை அடிச்சு கேஸை வீணாக்கும், இல்லேன்னா ஒரே ஷாட்டோட போல்ட் முன்னாடி போய் நின்னுக்கும். கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க: ஓ-ரிங்கை (கேஸ் ஒழுகாம அடைக்கிற ரப்பர் வளையம்) மாத்து, சிஓடூவை (கார்பன் டை ஆக்சைடு) விட்டுட்டு ஹெச்பிஏ (அழுத்தி அடைச்ச காத்து) டேங்க் வாங்கு, ஸ்பிரிங் கிட் போடு. என் ஓட்டு ஓ-ரிங்குக்குத்தான்.

1998ல வந்த பழைய ப்ளோபேக் டிசைன் இது. சியர், அதாவது போல்ட்டைப் பிடிச்சு வெச்சிருக்கிற கொக்கி, பிடியை விட்டதும் ரியர் போல்ட் ஸ்பிரிங் வேகத்துல போய் வால்வை இடிக்கும், அப்ப வர்ற கேஸ்ல ஒரு பங்கு பந்தைத் தள்ளும், இன்னொரு பங்கு அதே போல்ட்டைப் பின்னாடி தள்ளி சியர்ல மாட்டிவிடும். பின்னாடி தள்ற அந்தப் பங்கு குறைஞ்சா போல்ட் சியர் வரைக்கும் வராம ஸ்பிரிங் மறுபடி முன்னாடி தள்ளிடும், அதான் அந்த டர்ர்ர். கேஸே கம்மியா வருதா, வந்தது ஒழுகுதா, இதைத்தான் கண்டுபிடிக்கணும்.

ஒழுகுதுன்னா முதல் சந்தேகம் ரியர் போல்ட் ஓ-ரிங்தான். சைக்கிள் பம்ப்ல வாஷர் காஞ்சுட்டா எவ்வளவு அடிச்சாலும் காத்து ஏறாதுல்ல, அதே கதை. டேங்கைக் கழட்டி, உள்ள மிச்சம் இருக்கிற கேஸையும் வெளிய விட்டுட்டு (மாஸ்க் போட்டுக்கோங்க, ப்ளீஸ்) பிரிச்சுப் பாருங்க, ஓ-ரிங்கை விரல்ல உருட்டினா வெட்டு, தட்டையான இடம், வறண்டு போனது எல்லாம் கைக்கே தெரியும். நல்லா இருந்தா டேங்க் மாட்டற இடத்துல பெயின்ட்பால் ஆயில் சில சொட்டு விட்டு, பந்து போடாம கொஞ்ச நேரம் சுட்டுப் பாருங்க, பல சமயம் பிரச்சினை இதுலயே தீர்ந்துடும். டபிள்யூடி-40 மட்டும் அடிச்சுடாதீங்க, ஓ-ரிங்குக்கு ஆகாது.

ஹெச்பிஏ கட்சிக்காரங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு, ஆனா எல்லா நேரமும் இல்ல. சிஓடூ டேங்க்ல திரவமா இருக்கு, பிரஷர் வெப்பத்தைப் பொறுத்தது, 21 டிகிரி செல்சியஸ்ல சுமார் 850 பிஎஸ்ஐ (அழுத்தத்தோட அளவு), 0 டிகிரில 500 பக்கம் இறங்கிடும், அதோட வேகமா சுட்டா டேங்க் தானே ஜில்லுனு ஆகி இன்னும் கீழ போகும். ஹெச்பிஏல ரெகுலேட்டர் இருக்கிறதால 800 பக்கம் நிலையா வரும். அதனால குளிர் காலையில மட்டும், இல்லேன்னா படபடன்னு சுட்டதுக்கப்புறம் மட்டும் படுத்துதுன்னா டேங்க் மாத்தலாம். வெயில்ல, முழு டேங்க்ல, மெதுவா சுட்டாலும் படுத்துதுன்னா அவ்வளவு செலவு பண்ணியும் பிரச்சினை அப்படியேதான் இருக்கும். வாங்கறதா இருந்தா 450 பிஎஸ்ஐ லோ அவுட்புட் டேங்க்கை எடுத்துட்டு வந்துடாதீங்க, இந்த மார்க்கருக்கு அது பத்தாது.

ஸ்பிரிங் கிட் எனக்குப் பிடிக்காத வழி. ஸ்பிரிங் கெட்டியா இருந்தா வால்வு நல்லா திறக்கும், ஆனா பின்னாடி தள்ற வேலையும் கூடும், லேசா போட்டா வேகம் இறங்கும். பழைய ஸ்பிரிங் வளைஞ்சு போயிருந்தா அதே ஒரிஜினலை வாங்கிப் போடுங்க, போதும்.

அப்புறம் ஒண்ணு, கையால காக் பண்ணினாலே போல்ட் நிக்காம வழுக்குதா? அப்ப இந்த மூணுமே இல்ல, சியர் தேஞ்சிருக்கு, இல்ல சியர் ஸ்பிரிங் போயிருக்கு, அதை மாத்தற வரைக்கும் ஃபீல்டுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க.