கைக்குழந்தையின் சிலிர்ப்பா, வலிப்பா: ஓர் ஒப்பீட்டு அலசல்

கைக்குழந்தையின் உடலில் திடீரென ஓர் அதிர்வு ஓடும்போது நாம் முதலில் அளப்பது அதன் வேகத்தைத்தான். உடல் முழுவதும் கடகடவென நடுங்கினால் பதறியடித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் புறப்படுகிறோம். தலை ஒரு நொடி முன்னால் சாய்ந்து, கைகள் விரிந்து அடங்கினால், குழந்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது என்று சொல்லி முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். பிறந்த முதல் ஆண்டைப் பொறுத்தவரை இந்த அளவுகோல் நம்மைப் பலமுறை ஏமாற்றிவிடுகிறது. பார்ப்பவரை நடுங்கவைக்கும் அசைவு தீங்கற்றதாக இருக்கலாம். கண்ணுக்கே உறுத்தாத சிறு தலையசைவு குழந்தையின் வளரும் மூளையைப் பாதிக்கும் வலிப்பாக இருக்கலாம். ஆகவே அசைவின் வேகத்தை விட்டுவிட்டு, அது எப்போது வருகிறது, தனியாக வருகிறதா தொடராக வருகிறதா, குழந்தையின் வளர்ச்சி எப்படிப் போகிறது என்பவற்றை வைத்து இரண்டையும் அருகருகே நிறுத்திப் பார்ப்பது அவசியம்.

முதலில் தீங்கற்றதைப் பார்ப்போம். மருத்துவர்கள் ஷடரிங் அட்டாக் என்று குறிப்பிடும் இந்தச் சிலிர்ப்பு, பெரும்பாலும் நான்கைந்து மாத வயதுக்குப் பிறகு தொடங்குகிறது. முதுகில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உடல் எப்படி உதறுமோ, அப்படித் தலையும் தோள்களும் சில நொடிகள் வேகமாக நடுங்கும். சில குழந்தைகள் கைகளை மடக்கி, பற்களையோ ஈறுகளையோ இறுகக் கடித்து, முகத்தைச் சுளித்துக்கொள்ளும். பிடித்த பொம்மையைப் பார்த்த மகிழ்ச்சியில், குழைத்த சோற்றை முதல் வாய் ஊட்டும்போது, கேட்டது கிடைக்காத எரிச்சலில் என்று, பெரும்பாலும் உணர்ச்சி பொங்கும் நேரங்களில் இது வரும். ஒரே நாளில் பலமுறை வரலாம், பின்னர் சில வாரங்களுக்கு எட்டிப் பார்க்காமலும் இருக்கலாம். 1976ஆம் ஆண்டு வனாஸ், பெடார்ட், ஆண்டர்மன் ஆகிய மருத்துவர்கள் இதைத் தனியொரு நிலையாக விவரித்து எழுதினார்கள். மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் ஈ.ஈ.ஜி. சோதனையில் இதற்கான எந்தக் கோளாறும் தெரிவதில்லை. மருந்து தேவையில்லை, வயது ஏற ஏறக் குறைந்து, பெரும்பாலான குழந்தைகளிடம் இரண்டு மூன்று வயதுக்குள் தானாகவே மறைந்துவிடுகிறது.

அதே வயதில் தொடங்கும் மற்றொன்றுதான் இன்ஃபன்டைல் ஸ்பாசம் எனப்படும் வலிப்பு. இதை மருத்துவ உலகுக்கு முதலில் தெளிவாகச் சொன்னவர் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1841ஆம் ஆண்டு லான்செட் இதழுக்கு அவர் எழுதிய கடிதத்தில் விவரித்தது யாரோ ஒரு நோயாளியை அல்ல, தம் சொந்த மகனை. நான்கு மாதம் வரை நன்றாக வளர்ந்த குழந்தையின் தலை லேசாக முன்னால் குனிந்து நிமிர்ந்ததைத்தான் அவர் முதலில் கண்டார். பிறகு அந்தக் குனிவு அடிக்கடியும் வலுவாகவும் வரத் தொடங்கியது; இடைவிடாமல் பத்து இருபது முறை குனிந்து நிமிர்வதும், அப்படிப்பட்ட தொடர்கள் ஒரு நாளில் பலமுறை வருவதுமாக ஆயிற்று; குழந்தை சிரிப்பையும் கவனத்தையும் இழந்தது. சலாம் செய்வதுபோலத் தோன்றும் இந்தக் குனிவினால் சலாம் வலிப்பு என்றும், கடிதம் எழுதியவர் பெயரால் வெஸ்ட் சிண்ட்ரோம் என்றும் இது அழைக்கப்பட்டது. அக்கடிதத்தைப் படிக்கும்போது எனக்கு மிகவும் முக்கியமாகப்படுவது தொடக்கத்தின் மென்மைதான். ஒரு மருத்துவரின் வீட்டிலேயே, முதல் அறிகுறி ஒரு சிறு தலைக்குனிவாக மட்டுமே இருந்தது.

இனி இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்கலாம். என் கணிப்பில் எல்லா வேறுபாடுகளிலும் அதிக மதிப்புடையது, அசைவு தொடராக வருகிறதா என்பதுதான். ஸ்பாசம் ஒவ்வொன்றும் ஓரிரு நொடிதான் நீடிக்கும்: தலை குனியும், கைகள் வெடுக்கென விரியும் அல்லது மடங்கும், கால்கள் வயிற்றை நோக்கி இழுபடும், உடன் தளரும். ஆனால் அது பெரும்பாலும் ஒன்றோடு நிற்பதில்லை. சில நொடிகள் இடைவெளி விட்டு அதே அசைவு, மீண்டும் சில நொடிகள் கழித்து அதே அசைவு என, அச்சு மாறாமல் பல நிமிடங்கள்கூடத் தொடரும். சிலிர்ப்பில் இந்த ஒழுங்கான இடைவெளி கிடையாது. உடல் ஒரே மூச்சில் பலமுறை நடுங்கி அடங்கிவிடும், அடுத்தது வரும் நேரத்தை யாரும் கணிக்க முடியாது. எனவே ஓர் அசைவைக் கண்டவுடன் குழந்தையைத் தூக்கிச் சமாதானப்படுத்துவதோடு நிற்காமல், அடுத்த ஒரு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்தபடி கவனித்தால், பெற்றோரின் கண்ணே பாதி விடையைத் தந்துவிடும்.

இரண்டாவது, தூக்கத்தோடு உள்ள உறவு. ஸ்பாசம் தொடர்கள் பெரும்பாலும் குழந்தை தூங்கி விழிக்கும் தறுவாயில் வருகின்றன. காலையில் கண் விழித்த சில நிமிடங்களிலும், பகல் தூக்கம் கலையும்போதும் இவற்றைத் தேட வேண்டும். சிலிர்ப்போ நன்றாக விழித்து, விளையாடிக்கொண்டோ உண்டுகொண்டோ இருக்கும் குழந்தைக்கு வருவது, தூக்கத்தில் வருவதில்லை. மூன்றாவது, முடிந்தபின் நடப்பது. சிலிர்ப்பு ஓய்ந்ததும் குழந்தை விட்ட இடத்திலிருந்து விளையாட்டைத் தொடரும். ஸ்பாசம் தொடரின்போதோ அது முடிந்தவுடனோ பல குழந்தைகள் வீறிட்டு அழும், சில களைத்துச் சோர்ந்துவிடும்.

இந்த அழுகைதான் பல வீடுகளில் தவறான பாதையில் இட்டுச் செல்கிறது. கால்களை வயிற்றை நோக்கி மடக்கி, விட்டு விட்டு அழும் குழந்தையைப் பார்க்கும் எவருக்கும் வயிற்று வலி என்றுதான் தோன்றும். மாந்தம், வாயு, உரம் விழுந்தது என்று பாட்டிமார் சொல்வது அக்கறையின் வெளிப்பாடே. குழந்தையின் அழுகைக்கு வயிறே காரணம் என்பது பெரும்பாலான நேரங்களில் சரியாகவும் இருக்கிறது. ஆனால் வயிற்று வலியில் குழந்தை நெளியும், முறுக்கும், அதன் அசைவுகள் ஒன்றைப்போல் மற்றொன்று இருக்காது. சில நொடிக்கு ஒருமுறை வார்ப்பெடுத்ததுபோல் ஒரே குனிவு திரும்பத் திரும்ப வருமானால், அதற்குக் கஷாயமும் வசம்பும் தேடிக்கொண்டு வாரங்களைக் கழிப்பது குழந்தைக்குச் செய்யும் பெரிய இழப்பு. பால் குடித்தபின் முதுகை வில்லாக வளைத்து அழும் குழந்தைகளும் உண்டு; உணவு எதுக்களிப்பதால் வரும் அந்த வளைவு பெரும்பாலும் பாலூட்டும் நேரத்தோடு ஒட்டியே இருக்கும்.

கைகால்களைப் பிடித்துப் பார், நின்றால் பயமில்லை, நிற்காவிட்டால் வலிப்பு என்ற ஒரு சோதனை பலரும் சொல்லிக் கேட்கிறோம். இது பிறந்து சில நாட்களே ஆன சிசுவின் நடுக்கத்துக்கு உரியது. அழும்போதும் துணி மாற்றும்போதும் சிசுவின் தாடையும் கைகளும் நுண்மையாக நடுங்கினால், அந்தக் கையை மெல்ல மடக்கிப் பிடித்தவுடன் நடுக்கம் நின்றுவிடும். வலிப்பின் துடிப்போ பிடித்த கைக்குள்ளும் தொடர்ந்து தெரியும். நின்றுவிடும் நடுக்கத்திலும் ஓர் எச்சரிக்கை உண்டு: குறைமாதத்திலோ எடை குறைவாகவோ பிறந்த குழந்தை, நீரிழிவு உள்ள தாயின் குழந்தை, சரியாகப் பால் குடிக்காத குழந்தை ஆகியோருக்கு விடாமல் நடுக்கம் இருந்தால், இரத்தத்தில் சர்க்கரையும் கால்சியமும் குறைந்திருக்கின்றனவா என்று அன்றே பார்க்க வேண்டும். சிசுவின் உண்மையான வலிப்பு பெரிய துடிப்பாக வராமலும் போகலாம். கண்கள் ஒரு பக்கமாக நிலைகுத்துவது, காரணமின்றி வாயைச் சப்புவது, சைக்கிள் மிதிப்பதுபோல் கால்கள் ஓடுவது, மூச்சு சற்று நின்று நீலம் பூப்பது ஆகியவை அதன் வடிவங்களாக இருக்கலாம்.

அந்தச் சோதனையைத் தூக்கத்தில் வரும் வெட்டுகளுக்குப் பொருத்தினால் குழப்பமே மிஞ்சும். பிறந்த முதல் சில வாரங்களில், ஆழ்ந்து தூங்கும் சில குழந்தைகளின் கைகால்கள் சில நிமிடங்கள் தொடர்ந்து வெட்டி வெட்டி இழுக்கும். பிடித்து நிறுத்த முயன்றால் அது அதிகமாகவும் கூடும். ஆனால் குழந்தையை எழுப்பிய கணத்தில் முற்றிலும் நின்றுவிடும். விழித்திருக்கும்போது ஒருபோதும் வராத, எழுப்பினால் நின்றுவிடும் இந்த வெட்டு தீங்கற்றது. சில மாதங்களில் மறையும். இதை வலிப்பு என்று கருதிக் கொடுக்கப்படும் மருந்துகள் பயன் தருவதில்லை, சிலவகை மருந்துகள் வெட்டைக் கூட்டவும் செய்யும். அதேபோல், கதவு படாரென அடித்ததும் கைகளை விரித்துப் பின் அணைப்பதுபோல் குழந்தை கூட்டிக்கொள்வது மோரோ அனிச்சை. அதற்கு ஒலியோ தலை சற்றுச் சரிவதோ போன்ற தூண்டுதல் இருக்கும், நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் மறைந்துவிடும். எந்தத் தூண்டுதலும் இன்றி, அதுவும் ஐந்தாறு மாத வயதில் புதிதாகத் தொடங்கும் ‘தூக்கிவாரிப் போடுதல்’ இயல்பானது அன்று.

நினைவு இருக்கிறதா என்ற கேள்விக்கும் நான் அதிக மதிப்பளிக்க மாட்டேன். ஓரிரு நொடியில் முடியும் அசைவின்போது குழந்தைக்கு உணர்வு இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. தொடக்க நாட்களில் இரண்டு ஸ்பாசங்களுக்கு இடையே குழந்தை அம்மாவைப் பார்த்துச் சிரிக்கவும் கூடும். அதைவிட நம்பத்தக்கது வளர்ச்சி. முகம் பார்த்துச் சிரித்த குழந்தை சிரிப்பை நிறுத்துவது, கண்ணோடு கண் பார்க்காமல் எங்கோ வெறிப்பது, நின்ற கழுத்து தளர்வது, பொம்மையை எட்டிப் பிடித்த கை அதில் ஆர்வம் இழப்பது ஆகியவை அசைவுகளோடு சேர்ந்து வந்தால் ஐயத்துக்கு இடமில்லை. பார்வை போய்விட்டதோ என்று கண் மருத்துவரிடம் முதலில் கொண்டுசெல்லப்படும் குழந்தைகளும் உண்டு. ஆயினும் வளர்ச்சி நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஸ்பாசம் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது, ஏனெனில் சிகிச்சை மிகுந்த பலன் தரக்கூடியது வளர்ச்சி சரியத் தொடங்கும் முன்புதான். பிறக்கும்போது மூச்சுத் திணறியவர்கள், சிசுப் பருவத்தில் சர்க்கரை வெகுவாகக் குறைந்தவர்கள், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள், தோலில் இலை வடிவ வெளிர்ந்த திட்டுகள் உள்ளவர்கள் (டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற மரபுநோயின் அடையாளமாக அவை இருக்கலாம்) ஆகிய குழந்தைகளின் வீட்டில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

வீட்டு ஒப்பீட்டுக்கு ஓர் எல்லையும் உண்டு. 1977இல் லொம்ப்ரோசோ, ஃபெஹெர்மான் ஆகிய இருவரும், ஸ்பாசத்தைப் போலவே தொடராக வந்து, ஈ.ஈ.ஜி. பதிவில் எந்தப் பிழையும் காட்டாமல், தானாக மறையும் அசைவுகள் கொண்ட குழந்தைகளை விவரித்தனர். அந்தத் தீங்கற்ற வகையையும் ஸ்பாசத்தையும் வெறும் கண்ணால் பிரிக்க இயலாது. ஆகவே 3 முதல் 12 மாதம் வரையுள்ள குழந்தைக்குத் தொடரான குனிவுகள் தெரிந்தால், தீங்கற்றதாக இருக்கும் என்ற ஊகத்தில் காத்திராமல், குழந்தை நரம்பியல் மருத்துவரையோ அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ ஓரிரு நாளுக்குள் அணுக வேண்டும். ஸ்பாசம் என்று உறுதியானால் ஏசிடிஹெச் என்ற ஹார்மோன் ஊசி, பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, விகாபாட்ரின் என்ற வலிப்பு மருந்து ஆகியவற்றுள் பொருத்தமானதை மருத்துவர் தேர்வார். டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் உள்ளவர்களுக்கு விகாபாட்ரினே முதல் தேர்வு. இவற்றுக்கு இரத்த அழுத்தம் கூடுதல், தொற்றுக்கு எளிதில் ஆளாதல், விகாபாட்ரினால் பார்வைப் பரப்பு குறுகுதல் போன்ற பக்கவிளைவுகள் உள்ளமையால் கண்காணிப்பு வேண்டும். அதற்காகத் தொடக்கத்தைத் தள்ளிப்போடுவது சரியன்று. தாமதம் நீள நீள, பிற்கால அறிவு வளர்ச்சி பின்தங்கும் வாய்ப்பு கூடுகிறது.

மருத்துவரிடம் போகும்முன் செய்யத்தக்க மிகப் பயனுள்ள காரியம், கைப்பேசியில் வீடியோ படமெடுத்துக்கொள்வது. போர்வையை விலக்கி, வெளிச்சம் முகத்தில் படும்படி, தலை முதல் கால் வரை தெரிய, முதல் அசைவோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று நிமிடங்கள் விடாமல் எடுக்க வேண்டும். அசைவு வந்த நேரம், அதற்குமுன் தூங்கினானா, பால் குடித்தானா, எதையேனும் கண்டு குதூகலித்தானா என்பதையும் குறித்துக்கொள்ளலாம். சிலிர்ப்பு என்றால் பல நேரங்களில் அந்தப் படத்தைப் பார்த்தே மருத்துவர் நம்மை நிம்மதியாக அனுப்பிவிடுவார்.

படமெடுக்க நிற்கக் கூடாத நேரமும் உண்டு. காய்ச்சல் குளிரில் நடுங்கும் குழந்தை நம்மைப் பார்க்கும், அழும், அணைத்தால் ஒட்டிக்கொள்ளும். காய்ச்சல் வலிப்பில் கண்கள் மேலே சொருகி, உடல் விறைத்து, கைகால்கள் தாளகதியில் வெட்டி, கூப்பிட்டால் அசையாது. அப்போது குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், கையில் இரும்புச் சாவியைத் திணிக்காமல், நேரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலும், உடல் நீலம் பூத்தாலும், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றாலும், தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும்.

ஸ்பாசம் என்ற ஐயத்தில் ஈ.ஈ.ஜி. எடுக்கும்போது ஒன்றைக் கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது. 1952இல் கிப்ஸ் தம்பதியர் விவரித்த, உயர்ந்த அலைகள் ஒழுங்கின்றிக் குழம்பிக் கிடக்கும் ஹிப்சரித்மியா என்ற அமைப்பு, தூக்கத்தில்தான் நன்றாக வெளிப்படும்; விழித்திருக்கும்போது எடுத்த குறுகிய பதிவில் அது தெரியாமல் போகலாம். எனவே தூங்கும் நேரமும் விழிக்கும் நேரமும் பதிவில் அடங்கியுள்ளனவா என்று கேளுங்கள். விழிப்பில் மட்டும் எடுத்த பதிவு இயல்பாக இருந்து, காலையில் கண் விழித்ததும் அந்தக் குனிவுகள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால், புதிய படத்தோடு மீண்டும் சென்று தூக்கப் பதிவு ஒன்றை எடுத்துத் தருமாறு கோருங்கள்.